பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்

தையல் கம்பெனியில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சாக்பீஸ் பிடித்தவள் இல்லை. அதற்கு முன்னால் ஒரு பார்சல் கம்பெனியில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பொருள் வந்து சேராதவர்களிடம் வசவு வாங்குகிற வேலை பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்கு அங்கேதான் வந்தது. படித்து வந்ததை விடத் திட்டு வாங்கி வந்ததே அதிகம். அப்படி வந்த மொழி லேசில் மறக்காது.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. "எங்க மெசேஜ் உங்களுக்கு வந்துச்சு, இல்லையா?" என்பதை இங்கிலீஷில் கேட்பாள். கடைசியில் வருகிற அந்த 'இல்லையா'வை மட்டும் குரலை இறக்கி, அடுத்த பேச்சுக்குப் போகிற அவசரத்தோடு விடுவாள். மெசேஜ் வந்ததோ வரவில்லையோ, எதிர்முனையில் இருக்கிறவர் "ஆமா, வந்திருக்கும்" என்று ஒத்துக்கொண்டுவிடுவார். ஒத்துக்கொண்ட பிறகு சண்டை போட அவரிடம் என்ன இருக்கிறது? சூப்பர்வைசர் புதிதாகச் சேர்கிறவர்களை அவள் பக்கத்தில் உட்காரவைத்து, "இவங்க பேசுறதக் கேளுங்க" என்பார். அவளுக்கு அதில் பெருமை இருந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கொஞ்சம் கூச்சமும் இருந்தது. கூச்சம் சம்பளம் தராது என்பதால் அதைத் துண்டால் துடைத்துக்கொண்டு சமையலைப் பார்ப்பாள்.

ஒருநாள் அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. புருஷனின் வேன் ஓட்டுகிற வருமானம் வாடகைக்கே சரியாகப் போக, வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில், நாத்தனார்தான் வழி காட்டினாள். புருஷனின் தங்கை, தையல் கம்பெனியின் மூன்றாவது மாடியில் காலர் தைக்கிறவள்.

"அண்ணி, எங்க கம்பெனில இங்கிலீஷ் கிளாஸ் எடுக்க ஆள் தேடுறாங்க. துணி வாங்குற வெளிநாட்டுக்காரங்க வந்தா எங்ககிட்ட நேரடியா கேள்வி கேக்குறாங்களாம். நாங்க திருதிருன்னு முழிக்கிறோமாம். மேனேஜருக்கு மானம் போகுதாம்."

"எனக்கு இலக்கணமெல்லாம் தெரியாதேம்மா."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா? தெரியாதவங்களுக்குத் தெரியாதவங்க எடுத்தா சண்டையே வராது, வாங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்குவதற்கு முன்னால் வகுப்பு. தனி அறையெல்லாம் கிடையாது. பெண்கள் அவரவர் மெஷினிலேயே உட்கார்ந்திருப்பார்கள். முன்பக்கச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கும். ஹாலின் ஒரு கோடியில் அவள் நிற்பாள். மறுகோடியில், கடைசி வரிசைக்குப் பின்னால், பின்மாடிப்படிக்குப் போகிற இரும்புக் கதவு. தலைக்கு மேலே பச்சை விளக்கில் ஓர் ஆள் ஓடுகிற படம் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். ஓடுகிறவனுக்கு என்ன, படத்திலே ஓடுகிறான்.

கேள்வி கேட்பதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது பேச்சின் கடைசியில் 'இல்லையா' என்று ஒட்டுகிற இந்த வால் கேள்வியும் வந்து சேர்ந்தது. நமக்கு இதில் கஷ்டமே இல்லை. 'வந்தான்ல', 'நல்லாருக்குதானே', 'போகலாம் இல்லையா' என்று எந்தப் பேச்சுக்கும் ஒரே வாலை ஒட்டிவிடலாம். இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். முன்னால் வருகிற தலை 'இருக்கிறது' என்றால் வால் 'இல்லையா' என்று திரும்ப வேண்டும். தலை 'இல்லை' என்றால் வால் 'இருக்கிறதா' என்று திரும்ப வேண்டும். தலையில் அவள் என்றால் வாலிலும் அவள். அங்கே நேற்று என்றால் இங்கேயும் நேற்று. ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாக வால் தைக்கிற வேலை இது என்றாள் டீச்சர். தைக்கிற வேலை என்றதும் பெண்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. மாதிரி எங்கே, அளவு எங்கே என்று இறங்கிவிட்டார்கள்.

அவள் தலையைச் சொல்வாள். ஹால் மொத்தமும் சேர்ந்து வாலைச் சொல்லும். அவள் கை காட்டுகிற ஒருத்தி பதில் சொல்லுவாள். இரண்டே வாரத்தில் பாட்டுப் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. அங்கேதான் வினையும் வந்தது. மேகம் மூடியிருந்த ஒருநாள் நடு வகுப்பில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்காமல், ஹால் முழுக்க இருட்டு. டீச்சர் வேண்டுமென்றே, "த லைட்ஸ் ஆர் ஆன்" என்றாள். இருட்டுக்குள்ளிருந்து ஒரே குரலாக, "ஆரன்ட் தே?" என்று வந்தது. அதற்குப் பதிலும் அதே இருட்டிலிருந்து அதே உற்சாகத்தோடு வந்தது: "யெஸ், தே ஆர்."

அவள் சிரிக்கவில்லை. பார்சல் கம்பெனியில் போனின் மறுமுனையில் 'ஆமா, வந்திருக்கும்' என்றவர்களின் குரல் ஞாபகத்துக்கு வந்து அவளுக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. கரண்ட் வந்ததும் ஒரு சட்டம் போட்டாள்.

"இனிமே வாலச் சொன்னதும் எல்லாரும் திரும்பி அந்தப் பொருளப் பாக்கணும். பாத்துட்டுதான் பதில். ஃபேன் ஓடுதான்னு கேட்டா ஃபேனப் பாருங்க. நான் உக்காந்திருக்கேனான்னு கேட்டா என்னப் பாருங்க. பாக்காம பதில் சொன்னா தப்பு, இங்கிலீஷ் சரியா இருந்தாலும் தப்பு."

அதற்குப் பிறகு வகுப்பு பார்க்கவே வேடிக்கையாகிவிட்டது. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் போகும், ஒரே நேரத்தில் கடிகாரத்துக்குத் திரும்பும். பட்டன் வைக்கிற வாயாடி ஒருத்தி, "டீச்சர் இஸ் ஃபேட்" என்று தலையை எடுத்துக் கொடுக்க, ஹாலே வாலைச் சொல்லிவிட்டு டீச்சரை மேலும் கீழும் பார்த்தது. குரலை ஏற்றுவதும் இறக்குவதும் கூடச் சொல்லிக்கொடுத்தாள். வாலை ஏற்றிக் கேட்டால் கேட்கிறவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இறக்கிக் கேட்டால் பதிலை அவரே முடிவு பண்ணியாயிற்று, நம் தலை ஆடினால் போதும்.

"எங்க மாமியார் எல்லாத்தையும் இறக்கித்தான் டீச்சர் கேப்பாங்க" என்றாள் வாயாடி.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. பிறகு இஸ்திரி மேஜையின் வயர் புகைந்தது.

அது பெரிய தீ இல்லை. வயரிலிருந்து பொறி விழுந்து கீழே கிடந்த துண்டுத் துணி பற்றிக்கொண்டது. யாரோ ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டார்கள். ஆனால் புகைக்கு அது சின்னத் தீ என்று தெரியாது. முன்பக்கம் புகை என்றதும் பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். பின்கதவில் பூட்டு. பின்மாடிப்படி வழியாகச் சட்டைகள் திருட்டுப் போகின்றன என்று எப்போதோ போட்ட பூட்டு அது. சாவி தரைத்தளத்தில், கேட் செக்யூரிட்டியின் இடுப்பில். முதலில் ஓடியவள் கதவுக்குப் பக்கத்து மெஷினில் இருந்த நாத்தனார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவள் மேல் சாய்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நாத்தனார் ரவிக்கையை விலக்கித் தோளைக் காட்டினாள். தாழ்ப்பாளின் வடிவம் அப்படியே கன்றிப்போய்ப் பதிந்திருந்தது, போல்ட்டின் வட்டம் உள்பட. டீச்சர் வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தாள்.

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா யாராவது?"

"சொன்னோம். 'ஒண்ணும் ஆகலதானே'ன்னு கேட்டாரு. ஒண்ணும் ஆகலதானே அண்ணி, வேற என்ன சொல்றது?"

"பூட்ட எடுத்தாங்களா?"

"எடுக்கல." நாத்தனார் ரவிக்கையைச் சரிசெய்துகொண்டாள். "அண்ணி, நீங்க இதுல வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க. உங்க சம்பளமும் அங்கேருந்துதான், என் சம்பளமும் அங்கேருந்துதான். எனக்கு இந்த வேல வேணும்."

அவள் சரி என்றாள். அடுத்து வந்த நாட்களில் வகுப்பில் ஜன்னலைக் கேட்டாள், ஃபேனைக் கேட்டாள், மழையைக் கேட்டாள். கதவுகளைக் கேட்கவே இல்லை. பச்சை விளக்கில் ஓடுகிறவன் பக்கம் பார்வை போனால் உடனே பலகைக்குத் திரும்பிக்கொண்டாள்.

ஒருநாள் வேலை முடிகிற நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடித் தடுப்பு அறை, மேஜை மேல் விதவிதமான காலர்கள். மேனேஜர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆர்டர் போய்விடுமோ என்று பயந்து பயந்தே வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவர். பயந்தவர்கள் கையில் சாவி இருப்பதுதான் ஆபத்து.

"உக்காருங்க டீச்சர். நாளைக்கு துணி வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிலேருந்து ஆய்வுக்கு ஒரு அம்மா வராங்க. உங்க கிளாஸையும் பாக்கணுமாம். நல்லா நடத்திடுவீங்கல்ல?"

"நடத்துறேன் சார்."

"ஃபேன், லைட்டு, குடிதண்ணி, எல்லாத்தையும் ஒரு வரி ஒரு வரியா சொல்ல வைங்க. பின்கதவையும் சேத்துக்குங்க. அது அந்தம்மா காதுல விழணும்."

அவள் மேஜை மேலிருந்த காலர்களைப் பார்த்தாள்.

"பின்கதவு திறந்துதானே இருக்கு?" என்றார் மேனேஜர்.

இறக்கித்தான் கேட்டார். மேஜையில் இருந்த காலர் ஒன்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, அடுத்த பேச்சுக்குப் போகிற அவசரத்தோடு கேட்டார். அவளுக்குச் சுரீர் என்றது. அது அவளுடைய குரல். இத்தனை வருஷம் முகம் தெரியாதவர்களிடம் அவள் விற்ற சரக்கை இன்று அவள் தலையிலேயே கட்டுகிறார். எதிர்முனையில் உட்கார்ந்து கேட்டால் அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயில் வந்தது அந்த எதிர்முனை ஆட்கள் சொன்னதேதான்.

"ஆமா சார்."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் எதுவும் சொல்லவில்லை. தன்மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு வார்த்தை அகப்படவில்லை.

மறுநாள் காலையில் கம்பெனியே கல்யாண வீடு மாதிரி துடைத்து வைத்திருந்தது. செக்யூரிட்டி மேலே வந்து பின்கதவுப் பூட்டைக் கழற்றிக்கொண்டு போனார். படிக்கட்டில் குவிந்திருந்த அட்டைப்பெட்டிகள் காணாமல் போயின. ஆய்வுக்கு வந்த அம்மாள் உயரமாக, நரைத்த தலையோடு, அதிகம் பேசாதவராக இருந்தார். பின்கதவைத் தள்ளிப் பார்த்தார். திறந்தது. படியில் தரைத்தளம் வரை இறங்கி, மறுபடி ஏறி வந்தார். மேனேஜர் கூடவே இறங்கிக் கூடவே ஏறினார். மூச்சு வாங்கினாலும் முகத்தில் பல் தெரிந்தது. அதோடு கதவு விஷயம் முடிந்தது என்று டீச்சரும் நினைத்தாள். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. திறந்திருக்கிற கதவைத் திறந்திருக்கிறது என்று சொல்வதில் என்ன பாவம்?

ஆனால் செக்யூரிட்டியிடம் காலையில் திற என்றுதான் சொல்லியிருந்தார்கள். பூட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மேலே வந்து பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. அம்மாள் கண்ணாடி அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வந்தார், பூட்டினார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். சட்டைகள் தொங்குகிற சக்கர ஸ்டாண்டு ஒன்றை யாரோ அதற்கு முன்னால் நகர்த்தி விட்டிருந்தார்கள்.

டீச்சர் பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தாள். ஸ்டாண்டில் தொங்கிய இரண்டு சட்டைகளுக்கு நடுவில் பூட்டு பளபளத்தது. அதே நேரம் அம்மாளும் மேனேஜரும் உள்ளே வந்து, பின்கதவுக்கு முதுகைக் காட்டியபடி, முதல் வரிசைக்கு முன்னால் அவளைப் பார்த்து நின்றார்கள்.

அந்த வரியை விட்டுவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. அம்மாள் காலையில் பார்த்ததை எழுதிக்கொண்டு ஊருக்குப் போவார், ஆர்டர் வரும், சம்பளம் வரும், பூட்டும் தொங்கும். கடைசி வரிசையில் நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பூட்டைப் பார்த்துவிட்டாள். தலையை லேசாக, மற்றவர்களுக்குத் தெரியாமல் ஆட்டினாள்: வேண்டாம்.

"த ஃபேன்ஸ் ஆர் ரன்னிங்" என்று தொடங்கினாள் டீச்சர்.

"ஆரன்ட் தே?" என்றது ஹால். எல்லாத் தலைகளும் மேலே போய் ஃபேனைப் பார்த்தன. அம்மாளும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். முதல் வரிசையில் ஒருத்தி பதில் சொன்னாள். தண்ணீர்க் குழாய்க்குத் திரும்பினார்கள். முதலுதவிப் பெட்டிக்குத் திரும்பினார்கள். அம்மாளுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. பெண்கள் எங்கே திரும்பினாலும் அவரும் அங்கே திரும்பினார். மேனேஜர் மட்டும் திரும்பவில்லை. அவர் அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது அங்கேதான் இருந்தது.

வாயாடி பதில் சொல்லி முடித்தாள். அடுத்தது கடைசி வரிசை. மேனேஜர் டீச்சரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்த வரி.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "த விண்டோஸ் ஆர் க்ளீன்" என்றாள். ஜன்னலைப் பார்த்தார்கள், பதில் வந்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். இரண்டு விரலால் தோளுக்குப் பின்னால் காட்டினார். பாவம், எதைக் காட்டுகிறோம் என்று தெரியாமலே காட்டினார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. வாடகை ஞாபகம் வந்தது, எனக்கு இந்த வேலை வேணும் என்று நாத்தனார் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தத் தோளில் இருந்த போல்ட்டின் வட்டமும் ஞாபகம் வந்தது. அது இன்னும் மறையவில்லை. காலையில் நாத்தனார் தலை சீவும்போது மஞ்சளாகத் தெரிந்தது.

"த பேக் டோர்" என்றாள். குரல் உடைந்தது. மறுபடி எடுத்தாள். "த பேக் டோர் இஸ் ஓப்பன்."

"இஸ்ன்ட் இட்?" என்றது ஹால், பழகிய வேகத்தில். சொன்ன வாய் மூடுவதற்குள் எல்லாத் தலைகளும் திரும்பிவிட்டன.

அவள் யாரையும் கை காட்டவில்லை. கையை உயர்த்தினால் அது நாத்தனாரைத்தான் காட்டும். அதை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை.

பதில் வராததைப் பார்த்து மேனேஜரே முந்திக்கொண்டார். அம்மாளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "யெஸ், இட் இஸ்" என்றார்.

அம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. பெண்கள் பார்த்த இடத்தையே அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் சட்டைகள் நெருக்கமாகத் தொங்கின. அங்கிருந்து அவருக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று டீச்சருக்குப் புரியவில்லை. இப்போது யாராவது சிரித்து ஏதாவது சொல்லியிருந்தால் எல்லாம் மழுங்கிப் போயிருக்கும்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. நாத்தனார் எழுந்தாள். டீச்சர் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. ஸ்டாண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். வலித்த தோள் ஒரு தடவை சுருங்கியது. பிறகு அதைத் தள்ளி ஓரமாக விட்டுவிட்டு, தன் மெஷினுக்கு வந்து உட்கார்ந்து, மடியில் கை கோத்துக்கொண்டாள்.

அம்மாள் மெஷின்களுக்கு நடுவில் நடந்து போய்ப் பூட்டைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்க்கிற மாதிரி பார்த்தார். விட்டார். அது கதவில் மோதி ஒலித்தது.

"கீ?" என்றார்.

"கீழ, செக்யூரிட்டிகிட்ட" என்று மேனேஜர் தமிழிலேயே சொல்லிவிட்டார். போனைக் காதில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முன்மாடிப்படி வழியாக ஒருத்தியைக் கீழே அனுப்பினார்.

அம்மாள் வேறு எதுவும் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றார், சாவி வருகிற வரைக்கும் நிற்கிறவராக. பெண்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதில்லை. ஒரு தடவை புகைக்குள் நின்று காத்திருந்தவர்கள்தானே. ஃபேன்கள் ஓடின. கீழே போனவளின் செருப்புச் சத்தம் தேய்ந்து, கேட்காமல் போனது. மூன்று மாடி இறங்கி, கேட்டுக்குப் போய், ஆளைத் தேடி, மூன்று மாடி ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மேனேஜர் அதற்கு முன்னால் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. நெற்றியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு மெதுவாக டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"வந்துடுவான்" என்றார். "இப்ப வந்துடுவான்ல, டீச்சர்?"

அவள் இந்த மூன்றாவது மாடிக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவருடைய வால் மேலே ஏறியிருந்தது. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

டீச்சர் திரும்பி முன்மாடிப்படியைப் பார்த்தாள்.

"இன்னும் வரல சார்" என்றாள்.